புதுப்பிப்பு: சஸ்பென்ஷனை உயர்த்தியபின் அலைபாய்ந்த ஸ்டீயரிங் சரியானது

முன்பக்கம் ஒரே தண்டு அச்சு (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு) கொண்ட என் வண்டியை 3 அங்குலம் உயர்த்தியபின், வேகத்தில் அது அலைபாய்கிறது, ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

காஸ்டர் கோணத்தை அளக்கச் சொன்னவர் கணிப்பே சரி. முன்சக்கரம் எந்தக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறதோ, அது பின்னோக்கிச் சாயும் கோணம்தான் காஸ்டர்; ஸ்டீயரிங்கை நேருக்குத் திருப்புவது அதுதான். வண்டியை உயர்த்தியதில் அச்சு சுழன்று, 4 டிகிரி 1.5 ஆகக் குறைந்திருந்தது. நீளம் மாற்றக்கூடிய கன்ட்ரோல் ஆர்ம்களை (அச்சை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கைகள்) பொருத்தி 4-க்குக் கொண்டுவந்தேன். இப்போது வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால், ஸ்டீயரிங் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானே நடுவுக்கு வருகிறது. எவ்வளவு நிம்மதி! முதலில் ஸ்டீயரிங் டேம்பரை மாற்றியது வீண்செலவு. அது நடுக்கத்தை அமுக்குமே தவிர, கோணத்தைத் திருத்தாது.

எதிர்பாராத ஒன்று: காஸ்டர் கூடியதும், அச்சிலுள்ள டிஃபரென்ஷியலின் (சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) மூக்கு கீழே சாய்ந்து, அதற்கு விசையைக் கொண்டுவரும் முன் புரொப்பெல்லர் தண்டு அதிரத் தொடங்கியது. காஸ்டரை 3.5 டிகிரிக்குக் குறைத்ததும் அதிர்வு நின்றது.