ஓ.ஐ.சி.யோட (பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியோட) முகத்துக்கு முகம் – உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

கடற்கரைத்தெருக்காரி

போன கிழமை நடந்தது. இன்னும் மனசை விட்டுப் போகுதில்லை, அதால எழுதுறன்.

பின்னேரம் கோயிலால வரேக்க அம்மாவின்ர சங்கிலியை அறுத்துக்கொண்டு போயிட்டாங்கள். மோட்டார் சைக்கிள், ரெண்டு பேர், உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். அண்டைக்கே பொலிஸ் நிலையத்தில என்ட்ரி (முறைப்பாடு) போடப் போனம். முன்மேசையில இருந்த கான்ஸ்டபிள் நல்ல பெடியன். கதிரை போட்டுத் தண்ணியும் தந்தவர். ஆனா தமிழ் இல்லை. அம்மா சொல்ல, நான் என்ர அரைகுறைச் சிங்களத்தில திருப்பிச் சொல்ல, அவர் ஒண்டரைப் பக்கம் எழுதினார். எழுதி முடிச்சுப் புத்தகத்தை எங்கட பக்கம் தள்ளி, கையெழுத்து வைக்கச் சொன்னார்.

அம்மா பேனையைத் தொடேல்லை. "வாசிக்கத் தெரியாத ஒண்டில நான் கையெழுத்து வைக்கமாட்டன் பிள்ளை" எண்டா. முப்பது வருசம் ரீச்சரா இருந்தவ. எனக்கெண்டா நெஞ்சு படபடக்குது. அந்த நேரம் பாத்து எல்லாரும் எழும்பி நிக்கினம், ஓ.ஐ.சி. அறையை விட்டு வாறார். இனிப் பேச்சு விழப்போகுது எண்டுதான் நினைச்சன்.

அவர் எழுதினதை நிண்டபடியே வாசிச்சார். பிறகு கதிரையை இழுத்து அம்மாவுக்கு முன்னால இருந்தார். புத்தகத்தைத் திருப்பி வச்சு, தன்ர சேட்டுப் பையில இருந்த பேனையை எடுத்துக் குடுத்து, "டீச்சர், நீங்க எழுதுங்க. தமிழ்ல" எண்டார். அம்மா ரெண்டு பக்கம் எழுதினா. ட்ரபிக் பிரிவில இருந்து தமிழ் தெரிஞ்ச சார்ஜன்ட் ஒராளைக் கூப்பிட்டு, அதைச் சிங்களத்தில சொல்ல வச்சுக் கேட்டார். அம்மா பேனையைத் திருப்பிக் குடுக்கேக்க அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் காதுக்க நிக்குது: "நான் மட்டக்களப்புல அஞ்சு வருசம் இருந்தேன். பேசப் பழகினேன், எழுதப் பழகல்ல. அது என்ட பிழை."

சங்கிலி கிடைக்கேல்லை. அது வேற. பொறுப்பில இருக்கிற ஒராள் "என்ட பிழை" எண்டு சொன்னதை நான் அதுக்கு முதல் கேட்டதில்லை. உங்களுக்கு எப்பிடி?

மூணாங்குறுக்குத்தெரு

உங்க உம்மா செஞ்சதுதான் சரி. எங்க வாப்பா செய்யல்ல.

கடைக்கு முன்னுக்கு ஒரு அடிபிடி. வாப்பா உள்ளுக்கு துணி மடிச்சிட்டு இருந்தார். சத்தம் கேட்டார், ஆளப் பார்க்கல்ல. பொலிஸ்ல வந்து வாக்குமூலம் எடுத்தாங்க. சிங்களத்தில எழுதி, வாசிச்சும் காட்டாம, கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க. எந்த ஸ்டேஷன்னு சொல்ல மாட்டேன். ஓ.ஐ.சி.ட அறைக் கதவு மூடியே இருந்திச்சி, அந்த வழக்கு முழுக்க அவர்ட முகத்த நாங்க கண்டதே இல்ல.

ரெண்டு வருசத்துக்குப் பொறகு கோட்டுல வாப்பாவக் கூண்டில ஏத்தி, "கத்தியோட நின்டத நான் கண்டேன்" என்டு வாசிக்கிறாங்க. "இது உங்கட கையெழுத்தா?" வாப்பா அந்தத் தாளக் கையில எடுத்துப் பார்த்தார். கையெழுத்து அவர்டதான். எழுபது வயசு மனுசன், பொய் சொல்லாத மனுசன், அந்தத் தாளத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டே நின்டார். அதுக்கு மேல எனக்கு எழுத ஏலாது.

புதுக்கடை ஜூனியர்

முதல் பதிவில் உள்ள அதிகாரியை எல்லோரும் புகழப் போகிறீர்கள். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். அவர் செய்தது தயவு அல்ல, சட்டம்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். வாய்மொழியாகத் தரும் முறைப்பாட்டை அது தரப்பட்ட மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத அதிகாரிக்கு இயலாவிட்டால், சொன்னவரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவராலும் எழுத முடியாது என்றால்தான், காரணத்தைப் பதிந்துவிட்டு வேறு தேசிய மொழியில் எழுதலாம். அதையும் அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். ரீச்சரம்மா பேனையைத் தொடாமல் இருந்தது பிடிவாதம் அல்ல, அவருடைய உரிமை.

பொலிஸ் கட்டளைச் சட்டம் 1865இல் வந்தது. அதன் 56ஆம் பிரிவு பொலிஸாரின் கடமைகளைச் சொல்கிறது: குற்றத்தைத் தடுப்பது, அமைதியைக் காப்பது, குற்றவாளியைக் கண்டுபிடித்து நீதியின் முன் நிறுத்துவது. சொன்னது ஒன்று, எழுதியது இன்னொன்று என்றால் இதில் கடைசிக் கடமை எப்படி நிறைவேறும்? கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் 2011இல் இதைத்தான் சொன்னது. பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் இரு மொழியும் தெரிந்த அதிகாரி இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் தான் விரும்பும் மொழியில் வாக்குமூலம் கொடுக்க உரிமை வேண்டும் என்று.

ஆகவே எல்லோருக்கும்: வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். யாரையாவது பிடித்துப் போனால், காரணத்தைக் கேளுங்கள், நேரத்தைக் குறித்து வையுங்கள். பயண நேரம் போக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். பொலிஸ் அதிகாரியின் நடத்தையைப் பற்றியென்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றத்துக்கு (சுப்ரீம் கோர்ட்) போக ஒரு மாதம்தான் இருக்கிறது, வீட்டில் கூடிப் பேசியே நாளைக் கடத்தாதீர்கள்.

என் அனுபவம் சிறியது. மாணவனாக இருந்தபோது தொலைந்த அடையாள அட்டைக்கு என்ட்ரி போட மூன்று நாள் அலைந்தேன். அதனால்தான் சட்டம் படித்தேன்.

பழைய லொட்ஜ்காரன்

தம்பி ஜூனியர், சட்டம் எல்லாம் சரி. நான் ஒண்டு சொல்லட்டே.

2007 ஜூன் 7. விடியப்புறம். வெளிநாட்டுக்குப் போற அலுவலா கொழும்புக்கு வந்து லொட்ஜில நிண்டனான். பொலிசுக்காரர் கதவில தட்டினாங்கள். சாமானைக் கட்டு, கீழ பஸ் நிக்குது எண்டாங்கள். அண்டைக்குக் கொழும்பு லொட்ஜுகளில நிண்ட தமிழ் ஆக்கள் 376 பேரை வவுனியா போல இடங்களுக்கு ஏத்தினவை எண்டு பிறகு பேப்பரில வாசிச்சனான். அந்த எண்ணிக்கையில நானும் ஒராள்.

என்னட்டைத் தூதரகக் கடிதம் இருந்தது, அடுத்த நாள் காலமை நேர்முகம். படியடியில நிண்ட பெரியவரிட்டை நீட்டினன். அவர்தான் பொறுப்பு எண்டு மற்றவை நிண்ட விதத்திலயே தெரிஞ்சுது. கடிதத்தை வாங்கினார், விரிச்சார், முழுக்க வாசிச்சார். பிறகு நான் மடிச்ச அதே மடிப்பில மடிச்சு, என்ர சேட்டுப் பையுக்க தானே வச்சு, பையை ரெண்டு தரம் தட்டிவிட்டார். ஒரு கதை இல்லை. பஸ் பக்கம் கையைக் காட்டினார்.

அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இப்பிடி ஏத்திறதுக்குத் தடை போட்டது. பிரதமரும் வருத்தம் தெரிவிச்சவர். எல்லாம் சரி. ஆனா இத்தனை வருசமா நான் யோசிக்கிறது அந்தக் கையைத்தான். ஏசியிருந்தா மறந்திருப்பன். அந்த மனுசன் நான் யாரெண்டு விளங்கிக்கொண்டுதான் ஏத்தினது. மேலிடத்துக் கட்டளை வந்தா நல்ல ஓ.ஐ.சி.யால என்ன செய்யேலும்? பிரிவு 109 படியில நிண்டு மறிக்குமோ?

பரிசோதகர் மகள்

லொட்ஜ் ஐயா எழுதுனத வாசிச்சிட்டு ரொம்ப நேரம் எழுத முடியல. எங்கப்பா ஓ.ஐ.சி.யா இருந்தவரு. களுத்துறைப் பொலிஸ் கல்லூரியில பயிற்சி முடிச்சி உப பரிசோதகரா சேந்து, பரிசோதகராகி, மலநாட்டுல ஒரு சின்ன டவுனுக்குப் பொறுப்பா போனாரு. கடைசியா கொழும்பு. நான் அவருக்காகப் பேச வரல. அந்த நாற்காலியில என்ன இருக்குன்னு மட்டும் சொல்றேன்.

காலையில எல்லாரையும் வரிசையில நிப்பாட்டி யாருக்கு எங்க டியூட்டின்னு பிரிக்கணும். முறைப்பாட்டுப் புத்தகம், கூண்டுல உள்ள ஆளு, ஆயுத அறை, வழக்குப் பொருள், கோட்டுக்குப் போற அறிக்கை, எல்லாத்துக்கும் அவருதான் பதில் சொல்லணும். வெசாக்குன்னாலும் வேல் விழான்னாலும் வீட்டுல அவரு இல்ல. சின்ன டவுன்ல இன்னும் கஷ்டம். கடக்காரரும் தெரிஞ்சவரு, தொரையும் தெரிஞ்சவரு, அரசியல்வாதியும் தெரிஞ்சவரு, எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கும். இடமாத்தம் எப்ப வரும்னு தெரியாமலே நாங்க பள்ளிக்கூடம் மாறுனோம். சுயாதீனமான பொலிஸ் ஆணைக்குழு 2001ல 17ஆவது திருத்தத்தோடதான் வந்திச்சி. அப்பா அதுக்கு முந்தியே ஓய்வு.

எனக்கு மறக்காதது ஒரு ராத்திரி. மேல் தோட்டத்துல இருந்து ஒரு அம்மா, மகளக் காணோம்னு நடந்தே வந்திட்டாங்க. ஸ்டேஷன்ல தமிழ் எழுத ஆளில்ல, குவார்ட்டர்ஸுக்கு அனுப்பிட்டாங்க. அப்பா சாரத்தோட வாசல் படியில ஒக்காந்து, என்னோட கணக்குக் கொப்பியில அவங்க சொல்லச் சொல்ல எழுதுனாரு. நான் குப்பி லாம்பு பிடிச்சேன். நடுவுல அவங்க அழுதா பேனாவ நிறுத்திட்டு அப்படியே காத்திருந்தாரு, ஒரு தடவ கூட "சீக்கிரம் சொல்லுங்க"ன்னு சொல்லல. அந்த அக்கா மூணாம் நாள் கெடச்சாங்க.

ஜூனியர் தம்பி, சட்டம் 1979லயே இருக்குன்னு நீங்க சொல்றது உண்ம. ஆனா தமிழ் எழுதத் தெரிஞ்சவர ஸ்டேஷனுக்கு அனுப்பலன்னா, அந்தப் பிரிவு சொல்ற மாதிரி யாரு எழுதுறது? எங்கப்பா ஒராளு எத்தன ராத்திரி முழிப்பாரு? ஓ.ஐ.சி. ஆகுறதுக்கு முந்தியே ரெண்டு மொழியும் எழுதத் தெரியணும். பேச இல்ல, எழுத. மத்த தகுதியெல்லாம் அதுக்குப் பொறகு.

புதுக்கடை ஜூனியர்

அக்கா, அதை ஏற்றுக்கொள்கிறேன். லொட்ஜ் ஐயாவின் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. அன்று உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் ஒரு சிவில் அமைப்புத்தான், பொலிஸுக்குள் இருந்து யாரும் போகவில்லை.

நகைக்கடைச் சந்தி

சங்கிலி போன அக்காவுக்கு: பழைய பற்றுச்சீட்டு இருந்தா அதையும் என்ட்ரியோட சேர்க்கச் சொல்லுங்கோ. பவுன், நிறை, கொழுக்கி எந்த மாதிரி, எங்கயாவது ஒட்டின அடையாளம், எல்லாம். கலியாணப் படத்தில சங்கிலி தெரிஞ்சா அந்தப் படத்தைப் பெருப்பிச்சுக் குடுங்கோ. நானும் இப்பிடிக் குடுத்த ஆள்தான்.

கடற்கரைத்தெருக்காரி

எல்லாருக்கும் நன்றி. படம் தேடி எடுத்திட்டன். இண்டைக்குக் காலமை அந்தச் சார்ஜன்ட் எடுத்தவர், தமிழில. வியாழக்கிழமை சில படங்கள் பாக்க வரட்டாம். அம்மா இப்பவே சீலை எடுத்து வச்சிட்டா.

மூணாங்குறுக்குத்தெரு, வாப்பா எப்பிடி இருக்கிறார்?

மூணாங்குறுக்குத்தெரு

இருக்கிறார். கோட்டுல தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தபொறகு உள்ளத உள்ளபடி சொன்னார், அத ஏத்துக்கிட்டாங்க. ஆனா இப்ப எதுலயும் கையெழுத்து வெக்கிறல்ல. பென்ஷன் போமக்கூட என்னக் கூப்பிட்டு, முழுக்க வாசிக்கச் சொல்லி, முடிஞ்ச பொறகு "திரும்ப ஒருக்கா வாசி மகன்" என்கிறார்.