ரத்து என்றால் ரத்துதானா? பூங்கா இடத்து மண்டபத் தகராறு

கெடிலக்கரையான்: “கவுன்சில் தீர்மானம் போட்டுவிட்டால் கோர்ட் கை வைக்க முடியாது” என்று நேற்று ஒரு மேதாவி இங்கே எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கடலூருக்குப் பக்கத்தில் எங்கள் பேரூராட்சியில் (பேர் வேண்டாம்), மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடத்தில் கல்யாண மண்டபம் கட்ட அனுமதி கொடுத்தார்கள். ஹைகோர்ட் ரத்து செய்துவிட்டது. ஜெயித்தோம்.

சங்கிலி பிடித்தவன்: அந்த மேதாவி நான்தான் தம்பி. முப்பது வருஷம் சர்வேயர். ஆணையின் கடைசிப் பத்தியைப் படித்தீர்களா? மனுதாரரையும் கேட்டு எட்டு வாரத்துக்குள் புதிதாக முடிவெடுக்கச் சொல்லியிருக்கிறது. இது ஜெயிப்பா? வாய்தா.

கெடிலக்கரையான்: ரத்து என்றால் ரத்துதான்.

புதுவை வக்கீல்: இரண்டு பேர் சொல்வதும் பாதிதான். அரசியல் சாசனம் 226-வது பிரிவின் கீழ் ஹைகோர்ட்டுக்குப் போனால், முடிவு நல்லதா என்று கோர்ட் பார்ப்பதில்லை. எப்படி எடுத்தார்கள் என்றுதான் பார்க்கும். 1994-இல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த டாடா செல்லுலார் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆட்சேபணையைக் கேட்காமல், காரணமும் எழுதாமல் ஒற்றை வரித் தீர்மானம் போட்டால் நிற்காது. அதற்காக மண்டபமே கூடாது என்று சொன்னதாக ஆகாது.

சங்கிலி பிடித்தவன்: அப்போ வாய்தா என்று நான் சொன்னது சரி. ஆனால் வக்கீல் சார், உங்கள் ஊரில் 2006-இல் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் 2011-இல் வீட்டுக்குப் போனார்கள். அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் நாற்காலி காலி. நீங்கள் எங்களுக்குக் கவுன்சில் பாடம் எடுக்கிறீர்கள்!

புதுவை வக்கீல்: அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எங்கள் தெருவாவது நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. நீங்கள் அளந்த தெருக்களைப் பார்த்தாலே தெரிகிறது.

மஞ்சக்குப்பம் அக்கா: 1991 பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு. பூங்கா இடத்தைத் தனியார் நர்சிங் ஹோமுக்குக் கொடுத்தது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டே சொன்னது. அதுவும் வாய்தாவா அண்ணே?

சங்கிலி பிடித்தவன்: அது பெங்களூர்ச் சட்டம் அம்மா. இங்கே 1971 நகர் ஊரமைப்புச் சட்டம். நான் கேட்டது ஒன்றே ஒன்று, கடைசிப் பத்தி. அதை விட்டுவிட்டு ஊர்க்கதை எல்லாம் பேசுகிறீர்கள். வரைபடத்தில் பச்சை அடித்தால் பூங்காவா? நான் அளந்தபோது அங்கே ஒரு வேப்பமரம், கால் உடைந்த சிமெண்ட் பெஞ்சு, அதில் படுத்திருந்த ஓர் ஆடு. அவ்வளவுதான்.

கெடிலக்கரையான்: ஓகோ, அளந்தது நீங்கள்தானா! யாருக்காக அளந்தீர்கள் என்றும் சொல்லிவிடுங்களேன். பூங்கா இடத்தைப் பேரூராட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திர நகல் என்னிடம் இருக்கிறது, மடிப்பில் கிழிந்த ப்ளூபிரிண்ட்டோடு.

சங்கிலி பிடித்தவன்: கோயில் கமிட்டிக் கணக்கு கேட்டதை இன்னும் மனசில் வைத்திருக்கிறீர்கள். வையுங்கள். கடைசிப் பத்தி?

கெடிலக்கரையான்: ரத்து என்றால் ரத்துதான்.

மஞ்சக்குப்பம் அக்கா: அந்த எட்டு வாரம் எப்போது முடிகிறது?

சங்கிலி பிடித்தவன்: போன வெள்ளிக்கிழமையே முடிந்தது. வேப்பமரத்தடியில் எம்-சாண்ட் இறங்கியிருக்கிறது, போய்ப் பாருங்கள்.

கெடிலக்கரையான்: அது என் மச்சான் வீட்டு வேலைக்கு இறக்கியது. வேண்டுமானால் சங்கிலியோடு வந்து அளந்துகொள்ளுங்கள்.