மறு: கும்பினிக் கொடிகள் – ‘மீட்டுருக்கொடி’ என்ற சொல் குறித்து

அனைவருக்கும் வணக்கம். நம் கட்டுரைகளில் போடும் பழைய வணிகக் கும்பினிகளின் (கம்பெனிகளின்) கொடிப்படங்களை, சான்று முழுதாக இல்லாதபோது, என்ன சொல்லால் குறிப்பது என்பதுதான் பேச்சு. ‘மீட்டுருக்கொடி’ என்பது என் முன்மொழிவு. வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> ஆதாரம் முழுசா இல்லாத கொடிகள் எல்லாத்துக்கும் ‘கற்பனைக்கொடி’ன்னு ஒரே சொல் போதாதா? வாசகருக்கும் எளிது.

போதாது ஐயா. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு சொல்லில் அவசரப்பட்டால் பின்னால் எல்லாப் படக்குறிப்புகளிலும் அது தொல்லை கொடுக்கும்.

வணிகக் கும்பினிகளின் கொடிகள் என்று இணையத்தில் தேடினால் வரும் படங்கள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. ஒரு படத்துக்குப் பின்னால் அந்தக் காலத்து ஓவியம், அரசாணை, மாலுமிகளுக்கான கொடி அட்டவணை எல்லாம் இருக்கும். இன்னொன்றுக்குப் பின்னால் ஒரு செப்புக்காசு மட்டும் இருக்கும். வேறொன்றுக்கு வரைந்தவரின் ஆர்வம் மட்டும்தான் ஆதாரம். மூன்றும் ஒரே அளவில், ஒரே கூர்மையோடு, அப்பழுக்கில்லாத கோப்பாக வந்து நிற்கின்றன. பார்ப்பவருக்கு வேறுபாடு தெரிய வழியே இல்லை. மூன்றையும் ‘கற்பனை’ என்று சொன்னால் முதலாவதுக்கு அநியாயம், மூன்றையும் ‘வரலாற்றுக் கொடி’ என்று சொன்னால் வாசகருக்கு அநியாயம்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியையே எடுத்துக்கொள்வோம். 1600 டிசம்பர் 31-ல் பட்டயம் பெற்றது. சிவப்பும் வெள்ளையுமான கிடைப்பட்டைகள், கம்பத்தை ஒட்டிய மேல்மூலையில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் என்ன இருந்தது என்பதற்கு ஆண்டுக்கணக்கு தெளிவாக இருக்கிறது. 1707 வரை புனித ஜார்ஜின் செஞ்சிலுவை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒன்றான 1707-லிருந்து இரண்டு சிலுவைகளும் சேர்ந்த ஒன்றியக் கொடி. அயர்லாந்தும் சேர்ந்த 1801-லிருந்து புனித பாட்ரிக்கின் சிவப்புக் குறுக்குச்சிலுவையும் (மூலைக்கு மூலை போகும் சிலுவை) கூடி, இன்று நாம் பார்க்கும் வடிவம். ஆக, 1757 பிளாசிப் போர் பற்றிய கட்டுரையில் போட்ட கும்பினிக் கொடியின் மூலையில், வெள்ளைக் குறுக்குப்பட்டைக்குள் மெல்லிய சிவப்புக்கோடு தெரிந்தால், அந்தக் கொடி 44 ஆண்டு முன்கூட்டியே பிறந்துவிட்டது என்று அர்த்தம். இந்தப் பிழை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. மூலையை ஒரு தடவை உற்றுப் பார்த்தாலே தவிர்த்திருக்கலாம்.

பட்டைகளுக்கு வந்தால் கதை வேறு. பழைய படங்களில் 9 பட்டையும் உண்டு, 15 பட்டையும் உண்டு, இடைப்பட்டதும் உண்டு. இன்று எல்லோரும் 13 போடுகிறார்கள். 1775 டிசம்பர் 3-ல் அமெரிக்கக் குடியேற்றங்களின் ‘ஆல்ஃபிரட்’ கப்பலில் ஏற்றிய கொடி, 13 பட்டையும் மூலையில் ஒன்றியக் கொடியுமாக, அச்சு அசல் கும்பினிக் கொடி போலவே இருந்தது. அமெரிக்கக் கொடிக்குக் கும்பினிக் கொடிதான் மூலமா என்ற கேள்வியை 1937-ல் வரலாற்றாய்வாளர் சார்லஸ் ஃபாசெட் விரிவாக எழுப்பினார். 13-க்கு இன்று இருக்கும் மவுசுக்கு இந்த ஒப்புமை ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். கும்பினிக்காரர்களே எண்ணிக்கையில் கறாராக இருந்ததாகத் தெரியவில்லை. கொடித்துணி அப்போது குறுகிய அகலத்தில் நெய்த கம்பளித்துணி, பிரிட்டிஷ் கடற்படை கொடியின் அளவையே இத்தனை துணியகலம் என்றுதான் கணக்கிட்டது. தைப்பவர் கொடி எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அதற்கேற்பப் பட்டைகளைக் கூட்டியோ குறைத்தோ தைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சங்கதி. இந்தப் பட்டைக்கொடியைக் கும்பினிக் கப்பல்கள் எல்லா இடத்திலும் ஏற்ற முடியாது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேயே ஆங்கிலேய அரசு வணிகக் கப்பல்களுக்குச் செங்கொடியைத்தான் விதித்துவிட்டது, தென் அட்லாண்டிக்கில் இருக்கும் செயின்ட் ஹெலினாத் தீவைத் தாண்டிக் கிழக்கே வந்த பிறகுதான் பட்டைக்கொடிக்கு அனுமதி. அதாவது தேம்ஸ் நதியில் புறப்படும்போது ஒரு கொடி, சென்னைக் கடலில் நங்கூரம் போடும்போது வேறு கொடி, கப்பல் ஒன்றுதான். 1673-ல் ‘ரிட்டர்ன்’ என்ற கும்பினிக் கப்பல் நாகசாகிக்குப் போனபோது, கொடியில் இருந்த சிலுவையே ஜப்பானியர்களுக்கு ஆட்சேபமாகிவிட்டது, போர்ச்சுக்கீசியர் மீதும் கிறித்தவ மதத்தின் மீதும் அவர்களுக்கு இருந்த பகை அப்படி. எனவே ‘கும்பினியின் கொடி’ என்று ஒருமையில் சொல்வதே பாதி தவறு. எந்த ஆண்டு, எந்தக் கடல் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

> அந்தக் காலத்து வண்ணப்படமே இருக்கும்போது சந்தேகம் எதற்கு? பார்த்து வரைய வேண்டியதுதானே?

அம்மா, அந்த வண்ணத்தில்தான் சிக்கலே. 18-ஆம் நூற்றாண்டுச் செதுக்குப்படங்கள் கறுப்பு மையில் அச்சானவை. நிறம் பிறகு கையால் தீட்டியது, பல நேரம் அச்சுக்கடையில் உட்கார்ந்த, கடலையே பார்க்காத ஒருவர் தீட்டியது. யான் வான் ரைன் என்ற செதுக்கோவியர் 1754-ல் வெளியிட்ட புனித ஜார்ஜ் கோட்டைப் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். இப்படிப்பட்ட படங்களில் ஒரே தகட்டிலிருந்து எடுத்த இரண்டு பிரதிகளில்கூட நிறம் வேறுபடலாம். கொடியின் வடிவத்துக்கும் பட்டைக்கும் அந்தப் படம் சாட்சி சொல்லும், நிறத்துக்குச் சொல்லாது. குலச்சின்னங்களைச் செதுக்குபவர்கள் நிறத்தைக் கோட்டாலேயே காட்டும் ஒரு முறை வைத்திருந்தார்கள்: செங்குத்துக் கோடுகள் என்றால் சிவப்பு, கிடைக்கோடுகள் என்றால் நீலம், புள்ளிகள் என்றால் பொன். அப்படிக் கோடு போட்ட படம் கிடைத்தால் மேலே பூசிய சாயத்தை விட்டுவிட்டு அடியில் இருக்கும் கோட்டைத்தான் நம்ப வேண்டும். கொடி அட்டவணைகளையும் அப்படியே ஏற்க முடியாது. 1695-ல் ஆம்ஸ்டர்டாமில் கரேல் அலார்ட் வெளியிட்டதைப் போன்ற தொகுப்புகளிலிருந்து பின்னால் வந்தவர்கள் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். பத்து அட்டவணை ஒரே மாதிரி சொன்னால் பத்து சாட்சி என்று எண்ணிவிடக் கூடாது, ஒருவர் சொன்னதைப் பத்துப் பேர் திருப்பிச் சொல்லியிருக்கலாம்.

டச்சுக் கும்பினிக்கு வருவோம். 1602 முதல் 1799 வரை இருந்தது, பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் மூன்றிலும் அதன் தடம் இருக்கிறது. அதன் டச்சுப் பெயரின் சுருக்கம் வீஓசீ (VOC). வீ எழுத்தின் இரண்டு கைகளிலும் ஓவும் சீயும் கோத்த அந்தக் கூட்டெழுத்துக்குப் பஞ்சமே இல்லை: காசில், பீரங்கியில், பீங்கான் தட்டில் எங்கும் கிடைக்கிறது. கொடியில் எழுதும்போது மேலே ‘ஏ’ போட்டால் ஆம்ஸ்டர்டாம் கிளை, ‘டி’ போட்டால் டெல்ஃப்ட் கிளை என்று ஆறு கிளைகளுக்கும் தனி எழுத்து. ஆனால் அந்தக் காலத்துக் கடலோவியங்களில் நெதர்லாந்தின் வெற்று மூவண்ணக் கொடிதான் பரவலாகத் தெரிகிறது. அதிலும் மேல்பட்டை ஆரம்பத்தில் ஆரஞ்சு, 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் சிவப்பு மேலோங்கியது. இன்று இணையத்தில் கிடைக்கும் கோப்பிலோ 1949-ல் நெதர்லாந்து அரசு வரையறுத்த சிவப்பையும் நீலத்தையும் போட்டு நடுவில் கூட்டெழுத்தைப் பதித்திருக்கிறார்கள். எழுத்து சரி, அமைப்பு சரி, சாயம் இருபதாம் நூற்றாண்டுச் சாயம். இதைக் கற்பனை என்பீர்களா? என்னால் முடியாது. அதே சமயம் ‘இதுதான் பழவேற்காட்டில் பறந்தது’ என்றும் எழுதமாட்டேன்.

தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்த டேனியர்களுக்கு நிறத்தில் குழப்பமே இல்லை, செந்துணியில் வெண்சிலுவை. அங்கே பார்க்க வேண்டியது வால். நுனி பிளந்த கொடி அரசனுக்கும் அரசன் உரிமை கொடுத்தவர்களுக்கும் உரியது, டேனியக் கும்பினி அந்த உரிமையைப் பெற்றிருந்தது. செவ்வகமாக வரைந்தால் அந்த உரிமையே படத்திலிருந்து காணாமல் போய்விடுகிறது.

சரி, இப்போது சொல்லுக்கு வருகிறேன். என் முன்மொழிவு மீட்டுருக்கொடி: துண்டு துண்டாகக் கிடைக்கும் சான்றுகளைச் சேர்த்து இன்று வரைந்த கொடி. மீட்டுருவாக்கம் என்ற சொல் மொழியியலிலும் தொல்லியலிலும் ஏற்கெனவே புழங்குகிறது, அதனால் வாசகருக்கு அந்நியமாக இருக்காது. அதற்கு ஒரு பக்கத்தில் சான்றுக்கொடி (துணியே எஞ்சியிருப்பது, அல்லது அந்தக் காலத்து ஓவியம் ஒன்றை அப்படியே பெயர்த்தது), இன்னொரு பக்கத்தில் புனைகொடி. எது எது என்று பிரிக்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: சான்றில்லாத பகுதிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் ஒரு கொடி மிஞ்சினால் மீட்டுரு, ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் புனைவு.

> அப்படியானால் சோழர் புலிக்கொடியும் புனைகொடியா? இதை ஏற்க முடியாது.

கோபம் புரிகிறது, கேள்வியும் நியாயமானது. புலிக்கு மூவேந்தர் காலத்திலிருந்தே சான்று இருக்கிறது. பட்டினப்பாலையில் புகார்த்துறைச் சுங்க அதிகாரிகள் ஏற்றுமதி இறக்குமதிப் பொதிகளில் புலிச்சின்னம் பொறித்து அனுப்புகிறார்கள். நெதர்லாந்து நகரான லெய்டனின் பெயரால் ‘லெய்டன் செப்பேடு’ எனப்படும் சோழர் செப்பேட்டின் வளைய முத்திரையில் புலியும் இரட்டைக் கயலும் வில்லும் இருக்கின்றன. புலி எழுதிய கொடி இருந்தது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் துணி சிவப்பு என்றும், புலி பாய்கிறது என்றும், மீசை இப்படி என்றும் முத்திரை சொல்லவில்லை. முத்திரைப் புலி அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. அந்த உட்கார்ந்த புலியை நிறம் பூசாத கோட்டோவியமாகத் துணியில் வரைந்தால் அது மீட்டுருக்கொடி, தாராளமாகப் போடலாம். செந்துணியில் உறுமும் புலி முகம் புனைகொடிதான். சோழர்மேல் நமக்கு இருக்கும் அன்புக்காக அளவுகோலை மாற்றினால், நாளைக்குக் கும்பினிக் கொடியைத் திருத்தச் சொல்ல நமக்கு வாய் இருக்காது. வேலூரில் 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் ஏற்றிய மைசூர்ப் புலிவரிக் கொடிக்கும் இதே அளவுகோல்தான்.

மீட்டுருக்கொடிக்குப் பதிலாக ‘ஊகக்கொடி’ எனலாம் என்று வந்த முன்மொழிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓசை நன்றாக இருக்கிறது, ஆனால் அது முழுக்கொடியையும் ஊகமாக்கிவிடுகிறது. 1707 முதல் 1801 வரையிலான கும்பினிக் கொடியில் ஊகம் பட்டை எண்ணிக்கையிலும் சாயத்திலும் மட்டும்தான். ‘மீட்டுரு’ அளவுக்கு மீறி நம்பிக்கை கொடுக்கிறது என்ற எதிர்ப்பில் உண்மை இருக்கிறது, அதனால்தான் அந்தச் சொல் தனியாக வரக்கூடாது என்கிறேன். எந்தப் பகுதி எங்கிருந்து வந்தது என்று கூடவே ஒரு வரி கட்டாயம்.

துணைச்சொற்களை வேகமாக முடித்துவிடலாம். கேன்டனுக்கு (கம்பத்தை ஒட்டிய மேல்மூலைக் கட்டம்) ‘மூலைக்கட்டம்’ போதும். ஜாக் (கப்பலின் முன்பக்கத்தில் ஏற்றும் கொடி) என்பதற்கு ‘அணியக்கொடி’யை வலியுறுத்துகிறேன், கடலோடிகள் கப்பலின் முன்பக்கத்தை இன்றும் அணியம் என்றுதான் சொல்கிறார்கள். என்சைனுக்கு (கப்பலின் பின்பக்கத்தில் ஏற்றும் கொடி) ‘பின்தளக்கொடி’. ஹாய்ஸ்ட் (கொடியில் கம்பத்தை ஒட்டிய பக்கம்) ‘கம்பப்பக்கம்’, ஃப்ளை (காற்றில் பறக்கும் எதிர்ப்பக்கம்) ‘பறபக்கம்’. கம்பெனிக்கு, 18-ஆம் நூற்றாண்டைப் பற்றிப் பேசும்போது, கும்பினியே இருக்கட்டும், ‘வணிகக் குழுமம்’ போட்டால் அந்தக் காலத்து ஆவணத்தையும் நம் கட்டுரையையும் சேர்த்துத் தேடுபவருக்கு எதுவும் அகப்படாது.

படக்குறிப்பு நடைமுறையில் இப்படி வரும்:

‘ஆங்கிலக் கும்பினிப் பின்தளக்கொடி, 1707–1801, செயின்ட் ஹெலினாவுக்குக் கிழக்கே. மீட்டுரு. மூலைக்கட்டம்: 1707 ஒன்றியக் கொடி. பட்டைகள்: பழைய படங்களில் 9 முதல் 15 வரை, இங்கே 13. சாயம்: வரைந்தவர் தேர்வு.’

பின்தளக்கொடியா கலக்கொடியா என்பதில் மட்டும் எனக்குப் பிடிவாதம் இல்லை, கடலோர வழக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மற்றவற்றுக்கு மறுப்பு இருந்தால் எந்தக் கொடியில் அந்தச் சொல் பொருந்தவில்லை என்று படத்தோடு காட்டி எழுதுங்கள், அதை வைத்தே திருத்திக்கொள்வோம்.