வேலூரிலிருந்து வரும் பெரியப்பாவுக்குக் கண்டியை ஒரே நாளில் காட்ட முடியுமா?

கொழுந்துக்கூடை (அட்டன்):
சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்ற எங்கள் பெரியப்பா, பெரியம்மாவோடு அடுத்த மாதம் வேலூரிலிருந்து வருகிறார். தோட்டத்தில் பிறந்தவராயினும், கடவுச்சீட்டு அலுவலாக ஒருமுறை கண்டிக்குப் போய் வரிசையில் நின்று திரும்பியதோடு சரி, ஊரைப் பார்த்ததில்லை. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கே தொடங்கலாம், எதை வாங்கலாம், எங்கே சாப்பிடலாம்?

மகாவலிக்கரை:
விடியும் முன்பே பேருந்து ஏறினால் நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வந்து, தலதா மாளிகையின் ஒன்பதரை மணிப் பூசைக்கு நிற்கலாம். தோளும் முழங்காலும் மறைய உடுத்தி வரவேண்டும். புத்தரின் பல் இருக்கும் பேழை மேல்மாடியில் இருப்பதால், பெரியம்மாவைக் கீழே மேளக்காரர்களுக்கு அருகில் இருத்துங்கள். வெண்ணிற வேட்டியும் சிவப்புக் கச்சையுமாக அவர்கள் அடிக்கும் அடி தரையிலேயே அதிரும்.

ஆனால் என் கருத்தில், உங்கள் பெரியப்பா அவசியம் பார்க்கவேண்டியது, அதே வளாகத்தில் பலரும் எட்டிப் பார்க்காமலே கடந்துபோகும், செதுக்கிய மரத்தூண்கள் நிறைந்த மகுல் மடுவ என்னும் அரச மண்டபம். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த உடன்படிக்கை அங்கேதான் வாசிக்கப்பட்டது. வாசலுக்கு எதிரே தெரியும் ஏரியை வெட்டுவித்த நாயக்க வம்சத்துக் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவனுடைய சமாதிதான். பெரியப்பா அதைத் தாண்டிப் போயிருக்கக்கூடும்.

ஏலக்காய்:
கறுவா, கராம்பு, சாதிக்காய் வாங்குவதானால் நகரச் சந்தைக்கே போங்கள். சென்ற வருடம் வாகன ஓட்டுநர் எங்களை மாத்தளை வீதியில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார்; இலவசமாகச் சுற்றிக் காட்டிவிட்டு, சந்தையில் இருப்பதைப்போல மூன்று மடங்கு விலை சொன்னார்கள். கறுவாப்பட்டை மெல்லியதாக, சுருட்டுப்போல் பல சுருள்களாக இருந்தால் அதுதான் நம் நாட்டுச் சரக்கு.

தோசையும் வடையும் அவர்களுக்கு வேலூரிலேயே கிடைக்கும். பிஞ்சுப் பலாக்காய்க் கறியோடு சோறும், பிறகு எருமைத் தயிரில் கித்துள் பனையின் இனிப்புப் பாணியும் வாங்கிக் கொடுங்கள்.

கொழுந்துக்கூடை:
மிக்க நன்றி. நேற்றிரவு பெரியப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். அந்த முத்து மண்டபத்துக்கு அருகில்தான் பல வருடம் வேலை பார்த்தாராம், அது எந்த ராஜா என்று மட்டும் விசாரிக்கவில்லையாம். பேராதனைப் பூங்காவைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்கிறோம்.