தண்ணீர் ஏறிய தேக்குப் பலகைத் தளம்: இப்போதே இழைக்கலாமா?

கோபிப் பெண்:
வணக்கம். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் பாட்டி வீடு. மாடி அறை முழுக்கத் தேக்குப் பலகைத் தளம். ஐப்பசி மழையில் வீடு பூட்டியிருந்தபோது குளியலறைக் குழாய் விட்டுப்போய்த் தண்ணீர் தளத்தில் தேங்கிவிட்டது. மேலே நின்றதைத் துடைத்தாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு பலகையும் ஓரம் தூக்கி, நடு குழிந்திருக்கிறது; வெறுங்காலில் நடந்தால் மூட்டுகள் தட்டுப்படுகின்றன. பாலிஷும் வெள்ளை பூத்துவிட்டது. இந்த வாரமே மெஷின் போட்டுத் தேய்த்து பாலியூரித்தேன் அடித்துத் தருவதாக வேலைக்காரர் சொல்கிறார். பொங்கலுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வரும். செய்யச் சொல்லலாமா?

பெருந்துறையான்:
பலகைகள் மேல் நெல் மூட்டைகளை அடுக்கி வையுங்கள் சகோதரி. பாரத்தில் படிந்துவிடும்.

ஆனைமலை ஆசாரி:
அம்மிணி, மெஷினை மாடிப்படி ஏறவே விடாதீர்கள். மூட்டையும் வேண்டாம், அடியில் காற்றுப் போகாமல் ஈரம் அப்படியே நிற்கும்.

பலகையின் மேல்முகம் காய்ந்துவிட்டது, அடிமுகம் இன்னும் ஊறிக் கிடக்கிறது. ஊறிய பக்கம் விரிவதால்தான் ஓரம் எழும்புகிறது. இந்த நிலையில் தூக்கிய ஓரங்களைச் சீவிவிட்டால், பிறகு அடியும் காய்ந்து பலகை நேராகும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். சீவிய மரத்தை யாரால் திரும்ப ஒட்ட முடியும்? ஈரத்தின் மேல் பாலியூரித்தேன் அடிப்பது அதைவிடக் கேடு. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு உரிந்துவிடும்.

கீழ் அறையில் ஜிப்சம் சீலிங் போட்டிருக்கிறீர்களா? இருந்தால், மெயினை அணைத்துவிட்டு அதை முதலில் கழற்றுங்கள். தண்ணீர் அங்கேதான் தங்கும். சுவரோரம் அடித்திருக்கும் பட்டியையும் எடுங்கள். மின்விசிறியைத் தரையோரமாகப் படுக்கைவாட்டில் வீச வையுங்கள், மேலும் கீழும். மழை நாளில் ஜன்னலைச் சாத்தி ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். வெயில் நாளில் திறந்துவிடுங்கள். ஹீட்டர் கூடாது. மேல்முகம் மட்டும் சட்டென்று வற்றினால் வெடிப்பு விழும்.

எப்போது காய்ந்தது என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி வாங்குங்கள். நனையாத அறையின் தேக்கில், ஒரு கதவிலாவது, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். தளப் பலகையும் அதன் கீழ்ச் சட்டமும் அந்த அளவை நெருங்கி, வாராவாரம் பார்த்தும் மாறாமல் நின்றால்தான் இழைப்புளிக்கே வேலை. 20 விழுக்காட்டுக்கு மேல் நீடித்து நின்றால் பூஞ்சை பிடிக்கும், அதனால் சட்டத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தை விடாமல் பாருங்கள். பொங்கலுக்குள் முடியாது. தை, மாசிக் காற்று வறண்ட பிறகு பாருங்கள். பாதிப் பலகை தானாகவே படிந்திருக்கும்.

கோபிப் பெண்:
மிக்க நன்றி அண்ணா. வேலைக்காரரை நிறுத்திவிட்டேன். ஜிப்சம் சீலிங் இருக்கிறது. நாளைக்கே கழற்றச் சொல்கிறேன். ஆணியைச் சுற்றிக் கறுப்பு வட்டமாக இருக்கிறதே, அது உளுப்பா?

ஆனைமலை ஆசாரி:
கூரான உளியால் குத்திப் பாருங்கள். முனை கெட்டியாக நின்றால் உளுப்பில்லை. இரும்பும் தேக்கின் துவர்ப்பும் ஈரத்தில் கலந்த கறை. காய்ந்து இழைத்த பிறகும் மிஞ்சினால் ஆக்சாலிக் அமிலக் கரைசல் தடவிக் கழுவலாம். அது விஷம், கையுறை போடுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். வெள்ளை பூத்தது பழைய அரக்குப் பாலிஷாக இருந்தால் காயக் காயப் பெரும்பாலும் மங்கிவிடும், இப்போது அதைச் சுரண்ட வேண்டாம்.