எட்டாவது படிக்கும் பிள்ளைகளுக்கு எளிய ஆங்கிலக் கதைகள் வேண்டும், உதவுங்கள்

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் 11 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லித் தருகிறேன், எல்லாரும் தமிழ் வழியில் எட்டாவது படிப்பவர்கள். ஒரு பெண் விரல் வைத்து அழகாக வாசிக்கிறாள், நிறுத்தி என்ன கதை என்று கேட்டால் முழிக்கிறாள். அந்தப் பக்கத்தில் சுமார் 100 வார்த்தை, தெரியாததற்கெல்லாம் பென்சிலில் கோடு போடச் சொன்னேன், 17 கோடு! துணையில்லாமல் புரிந்து படிக்க நூற்றுக்கு 98 வார்த்தையாவது தெரிந்திருக்க வேண்டும் என்கிறது மொழியியலாளர் பால் நேஷன் செய்த ஆய்வு. அப்புறம் எப்படிப் புரியும்?

சரி என்று பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் முதல் நிலைக் கதைகளை எடுத்தேன். இலவசம், படங்களும் அருமை. ஆனால் நாய்க்குட்டிப் படத்தைப் பார்த்ததும் 13 வயதுப் பையன் புத்தகத்தை மூடி நோட்டுக்கு அடியில் வைத்துவிட்டான். எனக்கு மனசே கேட்கவில்லை. அவனுக்கு வேண்டியது கிரிக்கெட், பேய், துப்பறிதல், அதுவும் சின்னச் சின்ன வாக்கியத்தில்.

அப்படிப்பட்ட கதைகள் எங்கே கிடைக்கும்? விலை குறைவாகவோ இலவசமாகவோ இருந்தால் நல்லது. யார் எந்த நிலை என்று பரீட்சை மாதிரி பயமுறுத்தாமல் கண்டுபிடிக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வகுப்பெடுத்த அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், வரும் சனிக்கிழமையே செய்து பார்க்கிறேன்.