காற்றுப்படாமல் காந்த அளவீடு: வழி சொல்லுங்கள்

வணக்கம். குரோமியம் அணுக்களைப் பைரசின் என்ற கரிம மூலக்கூறுகள் பாலமாக இணைக்கும் வலைப்பின்னலை லித்தியம் கொண்டு ஒடுக்கினால் (அதாவது எலக்ட்ரான் ஏற்றினால்), ஒவ்வொரு பைரசினும் இணையில்லா எலக்ட்ரான் கொண்ட ரேடிக்கலாகிவிடும். அந்த எலக்ட்ரானின் ஸ்பின் (காந்தத்தன்மை தரும் தற்சுழற்சி) குரோமியத்தின் ஸ்பினுக்கு எதிராக வலுவாகப் பிணைகிறது. அதனால்தான் 2020-இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பொருள் 242 டிகிரி செல்சியஸ் வரை காந்தமாகவே நின்றது. ஒடுக்குவதற்கு முன் வெறும் 55 கெல்வின் (சுமார் −218 டிகிரி செல்சியஸ்) வரைதான்! எவ்வளவு அழகான வேதியியல்!

இப்போது என் சிக்கல். இந்தப் பொருளின் தூள் காற்றுப் பட்டாலே கெட்டுவிடுகிறது. ஸ்க்விட் (SQUID) என்ற நுண்ணிய காந்த அளவீட்டுக் கருவியில் 400 கெல்வினுக்கு மேல் அளக்க வேண்டும். ஜெலட்டின் கேப்சூல் அந்தச் சூட்டைத் தாங்காது. குவார்ட்ஸ் குழாயில் அடைத்தால் தூள் துகள்கள் காந்தப்புலத்தில் திரும்பிக்கொள்கின்றன. துகள்களை அசையாமல் பிடிக்கப் பயன்படும் எய்கோசேன் மெழுகோ 37 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். குவார்ட்ஸ் பஞ்சை வைத்து அழுத்தினால் போதுமா? அப்புறம், குழாயை நெருப்பில் உருக்கி மூடும்போது மாதிரி சூடாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.